வாசலில் பத்து நாள்

எங்கள் முதல் தலைவாசல் கதவை ஒரு படத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தோம். அகலமான பலகைகள் நெட்டாக இறங்கும். கருந்தேன் நிறம். மேலே முகம் தெரியும் அளவுக்கு வார்னிஷ். அரை ஆள் உயரத்துக்கு நீண்ட இரும்புக் கைப்பிடி. அதே மாதிரி வேண்டும் என்று சொன்னோம், அதே மாதிரி வந்தது. மாட்டிய அன்று வீட்டில் எல்லோரும் தெருவில் இறங்கி நின்று பார்த்தோம். அவ்வளவு அழகாக இருந்தது.

இரண்டாவது மழைக்காலத்தில் கதவைச் சாத்த முடியவில்லை. தோளால் இடித்தால்தான் பூட்டின் நாக்கு நிலையில் போய் உட்காரும். தச்சரைக் கூப்பிட்டுப் பூட்டுப் பக்க விளிம்பை இழைத்தோம். மழை போய் வெயில் வந்ததும் இழைத்த பக்கத்தில் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. மூன்றாவது வருடம் மேல்மூலை நிலையை விட்டு வெளியே வளைந்து நின்றது. வார்னிஷ் சருகு சருகாக உரிந்தது. கீழ்ப்பாதியில் ஒரு நீளமான வெடிப்பு. சாயங்காலம் அதன் வழியாக வெயில் ஒரு கோடாகக் கூடத்துக்குள் விழும். அம்மா அந்தக் கோட்டைப் பார்த்து நேரம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

செய்தவர் மேல் எனக்குக் குறையில்லை. நல்ல மரம், நல்ல வேலை. மேற்கு பார்த்த, நிழலே இல்லாத, சாரல் அடிக்கிற ஒரு வாசலில் அந்தக் கதவைக் கொண்டு வந்து நிறுத்தியது நாங்கள். படத்தில் இருந்த கதவுக்கு மேலே நீளமான கூரை இருந்திருக்கும். அது படத்தில் விழவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

புதுக் கதவு பற்றிப் பேச்சு வந்தபோது என் மனைவிதான் சொன்னாள். "இந்தத் தடவை படமே பார்க்க வேண்டாங்க. முதல்ல வாசலைப் பார்ப்போம்." அப்படித்தான் பத்து நாள், காலையும் மாலையும், வாசலில் ஒரு நாற்காலியும் குறிப்பேடுமாக உட்கார்ந்தோம். கதவு வாங்கப் போகிற யாருக்கும் இதை நான் முதலில் சொல்வேன். கடைக்கும் தச்சரிடமும் அப்புறம் போகலாம்.

என்னவெல்லாம் எழுதினோம் என்று சொல்கிறேன். மதியம் இரண்டு மணிக்குக் கதவின் மேல் வெயில் ஏறும். ஆறு மணி வரை இறங்காது. மழை பெய்த இரண்டு நாளிலும் கதவின் கீழ் இரண்டு அடி நனைந்தது, மேல்பாதி நனையவில்லை. அம்மா வெளியே போய்விட்டு வரும்போது இரண்டு கையிலும் பை இருக்கிறது. முழங்கையால்தான் கதவைத் தள்ளுகிறார். மகள் பள்ளியிலிருந்து வந்து மணியை அடித்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிடுகிறாள், உள்ளிருந்து பார்த்தால் ஆளே தெரிவதில்லை. கூடத்தில் பகலிலும் விளக்கு எரிகிறது, ஏனென்றால் கதவு மூடியிருந்தால் அந்தப் பக்கம் வெளிச்சத்துக்கு வழியே இல்லை. இவை ஒவ்வொன்றும் பிறகு கதவில் ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டன.

முதலில் மரத்தின் கதை. இதை முன்பே தெரிந்துகொண்டிருந்தால் முதல் கதவே வேறாக இருந்திருக்கும்.

வெட்டிக் காயவைத்த பிறகும் மரம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்குவதும் விடுவதுமாகத்தான் இருக்கும். ஈரம் ஏறினால் விரியும், இறங்கினால் சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லை. நாரோட்டத்தின் நீளவாக்கில் மாற்றம் இல்லை என்றே சொல்லலாம். அகலவாக்கில்தான் எல்லாம். பச்சை மரத்தை முழுக்க உலர்த்தினால் வெள்ளை ஓக், மர வளையங்களின் போக்கில் ஏறத்தாழ 10 விழுக்காடு சுருங்கும், வளையங்களுக்குக் குறுக்கே அதில் பாதி. தேக்கு அதே அளவுகளில் 6 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவும் இரண்டரையும். தேக்கை வாசலுக்கு ஏன் விரும்புகிறார்கள் என்பதற்கு அதன் எண்ணெய்ப்பசை ஒரு காரணம் என்றால், இந்தக் கணக்கு இன்னொரு காரணம்.

இதைக் கதவுக்குப் பொருத்திப் பார்த்தேன். 3 அடி அகலத்துக்கு ஓக் பலகைகளை ஒட்டி ஒரே பாளமாகக் கதவு செய்கிறோம் என்று வையுங்கள். மரத்தின் ஈரம் 4 விழுக்காடு ஏறி இறங்கினால் கதவின் அகலம் அரை அங்குலம் வரை மாறும். ஏறத்தாழ 13 மில்லிமீட்டர். கதவுக்கும் நிலைக்கும் நடுவே பொதுவாக விடுகிற இடைவெளி 3 மில்லிமீட்டர்தான். எங்கள் கதவு ஏன் மழையில் இறுகியது, வெயிலில் ஏன் இளித்தது என்பது இந்தக் கணக்கைப் போட்ட அன்று விளங்கிவிட்டது.

பழைய தச்சர்கள் இதற்குக் கண்ட வழிதான் பேனல் கதவு. இரண்டு பக்கமும் நெட்டாக இரண்டு சட்டங்கள், மேலும் கீழும் நடுவிலும் குறுக்குச் சட்டங்கள், கழுந்தும் துளையுமாகப் பூட்டியவை. நடுவில் இருக்கும் பலகைகள் சட்டத்தின் காடிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும். பசை கிடையாது, ஆணி கிடையாது. ஈரம் ஏறினால் பலகை காடிக்குள்ளேயே விரிந்துகொள்ளும், வெயிலில் அங்கேயே சுருங்கிக்கொள்ளும். குறுக்குச் சட்டம் அதன் நீளவாக்கில் கதவின் அகலத்தைத் தாங்குவதால் அது அசையாது. ஆக, கதவின் அகலத்தை மாற்றக்கூடியவை இரண்டு பக்கச் சட்டங்கள் மட்டும். ஒவ்வொன்றும் 5 அங்குலம் என்றால் மொத்தம் 10 அங்குல மரம். அதே ஓக், அதே ஈரம், மாற்றமோ 4 மில்லிமீட்டருக்குள். 13 எங்கே, 4 எங்கே.

இதைப் படித்த பிறகு எனக்குப் பேனல் கதவுகள் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தன. அதுவரை அந்தக் கட்டங்களை அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். மரம் மூச்சுவிட ஒதுக்கிய அறைகள் அவை. அழகு அதன் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

பலகைக் கதவை நான் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். இரண்டிலும் மூத்தது அதுதான். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஒரு கதவு இருக்கிறது. ஓக் மரம், நெட்டாக நிறுத்திய ஐந்து பலகைகள். மர வளையங்களை ஆராய்ந்து, அது 1050களில் செய்யப்பட்டது என்று 2005இல் கண்டார்கள். மழையும் வெயிலும் நேராகப் படாத உள் நடையில் நிற்கிறது. அதைவிடப் பழையது சூரிச்சில் 2010இல் தோண்டி எடுத்த ஒன்று: பாப்லர் மரத்தில், கிறிஸ்துவுக்கு முன் 3063 வாக்கில் செய்தது. ஒன்றரை மீட்டர் உயரம், 88 சென்டிமீட்டர் அகலம். சேறு மூடி, காற்றுப் படாமல் கிடந்ததால் ஐயாயிரம் வருடம் பிழைத்திருக்கிறது. நனைந்தும் காய்ந்தும் மாறி மாறி அல்லாடுவதுதான் மரத்தைக் கொல்கிறது. ஒரே நிலையில் இருக்க விட்டால் அது எதையும் தாங்கும்.

பலகைக் கதவுதான் வேண்டும் என்றால், பலகைகளை ஒட்டாமல் ஒன்றோடொன்று நாக்கும் காடியுமாகக் கோத்து, பின்னால் குறுக்குக் கட்டைகள் அடித்துச் செய்ய வேண்டும். நடுவே சாய்வாக வரும் தாங்குகட்டையின் கீழ்முனை கீல் பக்கம் இருக்க வேண்டும், மேல்முனை பூட்டுப் பக்கம். அப்போதுதான் கதவின் எடை அந்தச் சாய்கட்டை வழியாகக் கீழ்க்கீலுக்கு இறங்கும். மாற்றி அடித்திருக்கும் கதவுகளை நிறையப் பார்க்கிறேன். கொஞ்ச நாளில் பூட்டுப் பக்கம் தொங்கி, தரையில் கால்வட்டம் கீற ஆரம்பிக்கும்.

அப்புறம் எந்தப் பொருள் என்ற கேள்வி. பாணியும் பொருளும் ஒன்று என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறோம். பழைய மாதிரி கதவு என்றால் மரம், புது மாதிரி என்றால் இரும்பு. பிரிட்டிஷ் பிரதமர் வீட்டின் கதவை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் எண் டவுனிங் தெரு, ஆறு பேனல், கறுப்பு நிறம், மேலே விசிறி போன்ற கண்ணாடி. பதினெட்டாம் நூற்றாண்டு ஜார்ஜியப் பாணிக்கு அதைவிடத் தெரிந்த உதாரணம் கிடையாது. 1991இல் நடந்த மோர்ட்டார் தாக்குதலுக்குப் பிறகு ஓக் கதவை எடுத்துவிட்டுக் குண்டுவெடிப்பைத் தாங்கும் எஃகுக் கதவை அதே வடிவத்தில் வைத்தார்கள். இப்போது அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. வடிவத்தை வீட்டுக்கும் பொருளை வாசலுக்கும் தகுந்தபடி தனித்தனியாக முடிவு செய்யலாம் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது.

எஃகுக் கதவு உறுதி, விலையும் பொதுவாக மரத்தைவிடக் குறைவு. தகட்டின் தடிமனை கேஜ் எண்ணால் சொல்வார்கள். எண் குறையக் குறையத் தகடு தடிமன், 24ஐவிட 20 கனம். அடிபட்டால் நெளியும், நெளிவை எடுப்பது கஷ்டம். கீறல் விழுந்து கவனிக்காமல் விட்டால் துரு. ஃபைபர்கிளாஸ் கதவு ஈரத்துக்கு விரியாது, துருப்பிடிக்காது, மரரேகை பதித்த மேற்பரப்பில் சாயம் பூசினால் நாலு அடி தூரத்தில் மரம் என்றே தோன்றும். தொட்டால் தெரிந்துவிடும். இந்த இரண்டு வகையிலும் உள்ளே நுரை அடைத்திருப்பார்கள். ஒன்றரை அங்குலத் தடிமனில், கண்ணாடி இல்லாத அப்படிப்பட்ட கதவு அதே அளவு மரக்கதவைவிட ஐந்து மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தடுக்கும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. குளிர் கடுமையான ஊரில் இருப்பவர்களும் நாள் முழுக்க ஏசி போடுகிறவர்களும் இதைத் தள்ளிவிட முடியாது.

நாங்கள் மரத்திலேயே நின்றோம். தினம் பத்துத் தடவை கை படுகிற பொருள். தொடும்போது மரமாக இருக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. ஆனால் நிழல் போட வழியே இல்லாத வாசல் என்றால் நான் யோசிக்காமல் ஃபைபர்கிளாஸ் பக்கம் போயிருப்பேன்.

நிழலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கதவின் அடியிலிருந்து நிழற்கூரையின் அடிவரை எவ்வளவு உயரமோ, அதில் பாதியாவது கூரை வெளியே நீண்டிருக்க வேண்டும் என்று மரக்கதவு தயாரிப்பவர்கள் பலர் சொல்கிறார்கள். 8 அடி உயரத்தில் கூரை என்றால் 4 அடி நீட்சி. எங்களுக்கு இருந்தது ஒன்றேகால் அடி. கதவுக்குச் செலவழிப்பதற்கு முன் கூரையை நீட்டினோம். சாரல் நின்றுவிட்டது. ஆனால் சாயங்கால வெயில் தாழ்ந்து நேராக முகத்தில் அடிப்பது, அதற்குக் கூரை மட்டும் போதாது. பக்கவாட்டில் ஒரு மரச்சட்டத் தட்டி நிறுத்திக் கொடி ஏற்றிவிட்டோம். ஐந்து மணிக்கு மேல் வரும் வெயில் அந்த இலைகளில் சிக்கிக்கொள்கிறது.

இதற்கெல்லாம் பிறகுதான் வடிவத்துக்கு வந்தோம். இங்கே நாங்கள் செய்த ஒரு வேலையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, கதவின் உண்மையான அளவுக்கு மூன்று அட்டைகள் வெட்டினோம். கரித்துண்டால் சட்டங்களையும் பேனல்களையும் முழு அளவில் வரைந்து, ஒவ்வொன்றாகப் பழைய கதவின் மேல் ஒட்டித் தெருவின் எதிர்ப்பக்கத்தில் போய் நின்று பார்த்தோம்.

தாளில் பார்க்கும்போது பிடித்திருந்த ஆறு பேனல் கதவு, எங்கள் வீட்டு முகப்பில் நெரிசலாகத் தெரிந்தது. எங்களுடையது உயரம் குறைந்த, அகலமான முகப்பு. ஆறு பேனலின் கம்பீரத்துக்கு உயரமான சுவரும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஜன்னல்களும் வேண்டும். படுக்கைக் கோடுகள் மட்டும் வரைந்த இரண்டாவது அட்டை, கதவைக் குட்டையாக்கிவிட்டது. கோடுகளே இல்லாத வழவழப்பான ஃப்ளஷ் கதவாக அட்டையைத் திருப்பி ஒட்டியபோது வாசல் எங்கே என்றே தேட வேண்டியிருந்தது. சதுரமும் நேர்கோடுமாகக் கட்டிய நவீன வீட்டுக்கு அதே கதவு அமைதியாக, அழகாக இருக்கும். ஆனால் வெளிவாசலுக்கு ஃப்ளஷ் கதவு என்றால் உள்ளே கட்டை முழுக்க அடைத்தது வேண்டும். கூடு விட்டுச் செய்தவை அறைகளுக்குத்தான்.

மூன்றாவது அட்டையில் கீழே உயரமான இரண்டு பேனல்கள், கண்மட்டத்துக்கு மேலே ஒரு வரிசைக் கண்ணாடி. அதுதான் நின்றது. ஆனாலும் ஏதோ தலை கனத்தாற்போல் இருந்தது. தச்சர் வந்து பார்த்தார். "கீழ்ச்சட்டத்தை இன்னும் ரெண்டு அங்குலம் அகலமாக்குங்க, சரியாயிடும்" என்றார். எல்லாச் சட்டங்களையும் ஒரே அகலத்தில் வரைந்திருந்தேன். அடிச்சட்டம் மேற்சட்டத்தைவிட அகலமாக இருந்தால்தான் கதவு தரையில் ஊன்றி நிற்பதாகக் கண்ணுக்குப் படும். நனைவதும் உதைபடுவதும் அந்த இடம்தான் என்பதால் பலத்துக்கும் அது நல்லது. கரியால் அழித்து வரைந்த உடனே கதவு நிமிர்ந்துகொண்டது.

இன்னொன்றும் அட்டையால்தான் கிடைத்தது. நடுச்சட்டத்தை ஜன்னலின் அடிக்கோட்டோடு ஒரே மட்டத்தில் வைத்துப் பார்த்தோம். தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றடி. முகப்பு முழுக்க ஒரே கோடு ஓடியதுபோல், வீடும் கதவும் ஒன்றாகப் பிறந்தவை போல் ஆகிவிட்டது. பூட்டும் கைப்பிடியும் அந்த உயரத்தில்தான் வரும் என்பதால் அவையும் தாமாகப் பொருந்திக்கொண்டன. தச்சர் ரசமட்டம் வைத்து அந்தக் கோட்டைச் சரிபார்த்துச் சுவரில் பென்சிலால் குறித்தார். அந்தக் குறி இன்னும் இருக்கிறது.

இந்த வடிவத்துக்கு ஒரு பெயர் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பரவிய கிராஃப்ட்ஸ்மன் பாணி. மேலே சிறு கண்ணாடிகள், கீழே நெட்டான பேனல்கள், அலட்டல் இல்லாத சட்டங்கள். வெளிச்சம் வேண்டும், அந்தரங்கமும் வேண்டும் என்று நாங்கள் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்த இடத்துக்கு நூறு வருடம் முன்பே சிலர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சந்தோஷமாக இருந்தது.

கண்ணாடி விஷயத்தில் வீட்டில் நீண்ட பேச்சு நடந்தது. கூடத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. முதலில் கதவின் பாதியளவுக்குப் பனிக்கண்ணாடி போடலாம் என்றிருந்தோம். ஒரு தெரிந்தவர் வீட்டில் அப்படிப்பட்ட கதவை இரவில் வெளியே நின்று பார்த்தேன். உள்ளே விளக்கு எரியும்போது, நடமாடுகிறவர்களின் உருவம் நிழலாக அசைவது தெரிகிறது. எத்தனை பேர், எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது வரை. பகலில் மறைக்கும் கண்ணாடி இரவில் மறைப்பதில்லை. அதனால் கண்ணாடியைக் கண்மட்டத்துக்கு மேலே ஏற்றினோம். வெளிச்சம் உயரத்திலிருந்து வந்தால் அறைக்குள் ஆழமாகவும் போகிறது.

கண்ணாடியில் டஃபன்ட் என்பது உடைந்தால் சிறு சிறு மணிகளாக உதிரும், கையைக் கிழிக்காது. ஆனால் உதிர்ந்த பிறகு அங்கே ஒரு ஓட்டைதான் மிச்சம். லேமினேட்டட் கண்ணாடி அப்படியில்லை. இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம், உடைந்தாலும் படலம் பிடித்துக்கொண்டு நிற்கும். 1903இல் எடுவார் பெனெடிக்டஸ் என்ற பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து ஒரு குடுவை விழுந்து, விரிசல் விட்டும் சிதறாமல் இருந்ததைக் கவனித்ததில் பிறந்தது அது. உள்ளே ஒட்டிக் காய்ந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம்தான் காரணம். 1909இல் காப்புரிமை வாங்கினார். கதவுக்கு இதுதான் சரி என்பது என் அபிப்பிராயம், முக்கியமாகக் கண்ணாடி பூட்டுக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தால். கண்ணாடியை உடைத்துக் கையை விட்டுத் தாழைத் திருப்புவதைத் தடுக்கச் சிலர் உள்பக்கமும் சாவி போடும் பூட்டை வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தீ, புகை என்று ஓடும் நேரத்தில் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. உள்ளிருந்து கையால் திருப்பித் திறக்க முடிய வேண்டும்.

பூட்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. நாக்கு ஒரு அங்குலமாவது நிலைக்குள் போக வேண்டும். நாக்கு போய் விழும் தகட்டின் திருகாணிகள் நிலையோடு நிற்காமல் பின்னாலிருக்கும் சுவரைப் பிடிக்க வேண்டும். உதைத்துத் திறக்கும்போது பிளந்துகொள்வது பெரும்பாலும் அந்த நிலைக்காலின் ஓரம்தான். விலை உயர்ந்த பூட்டை இரண்டு சின்னத் திருகாணியில் தொங்கவிடுவதில் பயனில்லை.

கைப்பிடியைத் தீர்மானித்தது அம்மாவின் முழங்கை. உருண்டைக் குமிழைப் பிடித்துத் திருக விரல்களில் பலம் வேண்டும். அழுத்தித் திறக்கும் நீட்டுப்பிடிக்குக் கை கூட வேண்டாம். அகலத்தையும் அம்மாவை நினைத்துத்தான் முடிவு செய்தோம். சக்கர நாற்காலி தாராளமாகப் போக, கதவு திறந்த நிலையில் 32 அங்குலமாவது இடம் வேண்டும். கதவின் தடிமனும் தடுப்புச்சட்டமும் கொஞ்சத்தை எடுத்துக்கொள்வதால் 36 அங்குலக் கதவு போட்டால்தான் அது நிச்சயம். அம்மாவுக்கு இன்று நாற்காலி தேவையில்லை. ஆனால் கதவை நாம் பத்து வருடத்துக்கு ஒரு தடவை மாற்றப்போவதில்லையே. வாசற்படியின் மேடும் அரை அங்குலத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டோம்.

மகளுக்காகப் பார்வைத்துளை இரண்டு. பெரியவர்களுக்கு ஐந்தடிக்குச் சற்றுக் கீழே ஒன்று, அவளுக்கு மூன்றரை அடியில் ஒன்று. 1966இல் நியூயார்க்கில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற செவிலியர், இரவில் தனியாக இருக்கும்போது வாசலில் யார் என்று பார்ப்பதற்காகக் கதவில் வெவ்வேறு உயரங்களில் துளைகளும் ஏறி இறங்கும் கேமராவும் வைத்து ஓர் அமைப்பைத் தன் கணவரோடு சேர்ந்து வடிவமைத்தார். 1969இல் காப்புரிமை கிடைத்தது. இன்றைய வீடியோ அழைப்புமணிகளுக்கு அதுதான் முன்னோடி. வாசலில் நிற்பவர்களின் உயரம் ஒன்றல்ல என்று அவர் யோசித்திருந்தது என்னை மிகவும் தொட்டது. ஒரே துளையை ஒரே உயரத்தில் போட்டுவிட்டுப் போகிறோம் நாம்.

நிறத்தில்தான் தச்சருக்கும் எனக்கும் மனவருத்தம் வரப் பார்த்தது. "தேக்குக்குப் பெயிண்டாங்க?" என்றார், யாரையோ திட்டிவிட்டதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு. அவர் சொல்வதில் நியாயம் உண்டு. அந்த ரேகையை மூட யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினை வெயிலின் புற ஊதாக் கதிர் சிதைக்கிறது. தெளிவான வார்னிஷ் வழியாகக் கதிர் உள்ளே போய்விடும். அடியில் மரத்தின் மேற்தோல் தளர்ந்ததும் வார்னிஷுக்குப் பிடிமானம் போய், உரிய ஆரம்பிக்கும். எங்கள் முதல் கதவுக்கு நடந்தது அதுதான். பெயிண்டில் இருக்கும் நிறமித் துகள்கள் கதிரை மேலேயே நிறுத்திவிடும். கடைசியில் வெளிப்பக்கம் வெளிர்பச்சைப் பெயிண்ட், உள்பக்கம் வார்னிஷ் என்று சமாதானம் ஆனது. இரண்டு பக்கமும் ஈரத்தைத் தடுக்கும் அளவு ஒத்திருக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்தால் கதவு வளையும் என்று அவரே சொல்லி, பூச்சுகளின் எண்ணிக்கையைச் சமப்படுத்தினார். தேக்கின் எண்ணெய்ப்பசையில் பெயிண்ட் ஒட்டாது என்பதால் முதலில் தின்னர் போட்டுத் துடைத்தார். வெளிர்நிறம் எடுத்ததற்கும் வெயில்தான் காரணம். அடர்நிறக் கதவு மேற்கு வெயிலில் கை வைக்க முடியாதபடி சுடும், அவ்வளவு சூட்டில் எந்தப் பொருளும் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். இப்போது கூடத்தில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்குத் தேக்கின் ரேகை, தெருவில் போகிறவர்களுக்குப் பச்சை. கதவின் உள்முகத்தைத்தான் நாம் வாழ்நாள் முழுக்கப் பார்க்கிறோம். படங்களில் அது இருப்பதே இல்லை.

மாட்டிய அன்று இரவு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, மனைவி வெளியே நின்று டார்ச் அடித்துக் கதவின் நான்கு ஓரமும் ஓட்டினாள். உள்ளே வெளிச்சம் கசிந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்தேன். கீழ்ப்பக்கம் ஒரு சாண் நீளத்தில் கசிந்தது. மறுநாள் ரப்பர் பட்டையைச் சற்றுத் தாழ்த்தினோம். பிறகு ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பார்த்தேன். சுற்றிலும் பிடித்துக்கொண்டது.

இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. கதவு ஒரு விரலால் சாத்துகிறது. மேலே இருக்கும் மூன்று கண்ணாடிகளின் வெளிச்சம் சாயங்காலம் கூடத்துச் சுவரில் மூன்று கட்டங்களாக விழுகிறது, அம்மா இப்போது அதைப் பார்த்து நேரம் சொல்கிறார்.

ஒரு வேலை மட்டும் வருடா வருடம் இருக்கிறது. கதவின் மேல்விளிம்பும் அடிவிளிம்பும் யார் கண்ணிலும் படாதவை. பெரும்பாலான கதவுகளில் பூச்சே இல்லாமல் விட்டுவிடுவார்கள். நார்களின் நுனி திறந்திருக்கும் அந்த இடம்தான் தண்ணீரை உறிஞ்சுகிறது. பழைய கதவைக் கழற்றிப் போட்டபோது அதன் அடிவிளிம்பைத் திருப்பிப் பார்த்தேன், ஒரு சொட்டு வார்னிஷ் கூட இல்லை, பஞ்சு மாதிரி இருந்தது. அதனால் மழைக்கு முன் ஒரு நாள் புதுக் கதவைக் கீலிலிருந்து இறக்கிச் சாய்த்து வைத்து அடியைப் பார்க்கிறோம். இந்தத் தடவை பூட்டுப் பக்க மூலையில் கட்டைவிரல் அகலத்துக்குப் பெயிண்ட் தேய்ந்திருக்கிறது. மீதமிருந்த பச்சை டப்பாவைத் திறந்து கலக்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தச்சர் வருவதாகச் சொல்லியிருக்கிறார், இரண்டு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும்.